“இல்லைங்கம்மா” என்றார் ஏசுவடியான்

பெட்டி கேஸ் கூப்பிடுகிற நாளில் கோர்ட் வராந்தாவில் கால் வைக்க இடம் இருக்காது. ஹெல்மெட் போடாதவர், ஒரே வண்டியில் நாலு பேராகப் போனவர், பஸ் ஸ்டாண்டில் நின்று கெட்ட வார்த்தை பேசியவர், மில்லுக்குப் பின்னால் சீட்டு விளையாடி மாட்டியவர் என்று எல்லோரும் தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். தேங்காய் எண்ணெய் வாசமும் திருநீற்று வாசமும் கலந்து அடிக்கும்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் ஏட்டு. ஸ்டேஷனிலிருந்து கேஸ் கட்டுகளைச் சுமந்துகொண்டு வருவது, ஆட்களை வரிசையில் நிறுத்துவது, பேர் கூப்பிட்டதும் உள்ளே அனுப்புவது, அபராத ரசீதோடு ஸ்டேஷனுக்குத் திரும்புவது, இவ்வளவுதான் என் வேலை. எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவள் நான்.

அன்றைக்கும் வழக்கம்போல வராந்தாவில் நின்று பாடம் நடத்தினேன்.

“எல்லாரும் காதக் குடுத்துக் கேளுங்க. உள்ள போனதும் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். செல்போன அணைச்சிரணும். அம்மா என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லணும். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசப்படாது. அபராதத்தக் கட்டிட்டு, மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்குப் போயிரலாம். வெளங்குச்சா?”

“வெளங்குச்சு ஏட்டம்மா” என்று வரிசை மொத்தமும் சொன்னது.

அம்மா என்றால் மாஜிஸ்ட்ரேட். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி, அதிராமல் பேசுவார்கள். பேர் கூப்பிட்டார்கள். ஏழு பேர் போனார்கள், ஏழு பேரும் ஆமா சொன்னார்கள். எட்டாவது பேர் ஏசுவடியான், மம்சாபுரம்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஐம்பத்தெட்டு வயது. விரல் நகத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டிக் கிடந்தது.

“குடிச்சிட்டு வண்டி ஓட்டினதா உங்க மேல கேஸ் போட்டிருக்காங்க. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?”

“இல்லைங்கம்மா” என்றார் அவர்.

பெஞ்ச் கிளார்க் சார் பேனாவோடு அப்படியே நிமிர்ந்து பார்த்தார். பழக்க தோஷத்தில் அவர் ‘குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். அதை அடிக்க வேண்டியதாயிற்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கூண்டைப் பார்த்துப் பயந்தவள்

கோர்ட் என்றால் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பிரமிப்பு உண்டு. சோழபுரத்தில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளை நான். போலீஸ் வேலை கிடைத்து முதல்முதலாகக் கோர்ட்டுக்குள் போனபோது, அந்த உயரமான மேஜையையும், கூண்டையும், கறுப்பு அங்கியையும் பார்த்து, டவாலி மூன்று தரம் பேர் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டு, பயத்தில் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் இருந்த ஏட்டு, “ஏட்டி, வாய மூடு, ஈ போயிரும்” என்றார்.

பழகப் பழகப் பிரமிப்பு போய்விட்டது. பெட்டி கேஸ்தானே. கையெழுத்து, சீல், ரசீது. இருபது வருஷத்தில் எத்தனை ஆமா கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

நடுவில் ஒரே ஒரு தரம் மலைத்துப்போனேன். அது ஒரு நாயைப் பார்த்து.

தெலுங்கு கேட்ட நாய்

அது ராஜபாளையம் கோர்ட்டில் நான் இருந்தபோது நடந்தது. வீட்டில் தெலுங்கு பேசுகிற பெரியவர் ஒருவர் மேல் கேஸ். அவர் வளர்த்த நாயை அவிழ்த்து விட்டதில், அது பால்காரரின் ஸ்கூட்டருக்குக் குறுக்கே பாய்ந்து, பால் முழுக்க ரோட்டில் ஓடிவிட்டது. ராஜபாளையம் நாயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, நம் இடுப்பு உயரம்.

வீட்டில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அந்த மனிதர் நாயையும் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே வேலியில்தான் கட்டிப் போட்டிருந்தார். அவர் பேரைக் கூப்பிட்டதும் அது கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே உள்ளே வந்தது. வக்கீல்கள் எல்லாம் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். நான், “ச்சீ, போ! உக்காரு! ஏய்!” என்று கத்துகிறேன், அது என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை.

பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், கட்டிய கையை எடுக்காமல், “கூர்ச்சோ நாயனா” என்றார். உட்காரப்பா என்று அர்த்தமாம். அவ்வளவு பெரிய நாய் அவர் காலடியில் மடங்கி உட்கார்ந்தது.

“அவன் மேல தப்பில்லைங்கய்யா. அவுத்து விட்டது நான்தான்” என்றார். அப்போதிருந்த மாஜிஸ்ட்ரேட் சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார். நாய் கடைசி வரை அசையவில்லை. அந்தக் கம்பீரத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

அதற்கப்புறம் ஒரு கோர்ட் ஹாலே மூச்சை நிறுத்தியது ஏசுவடியான் “இல்லைங்கம்மா” என்றபோதுதான்.

“கிறுக்கா புடிச்சிருக்கு?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏனென்றால் அந்தக் கேஸை எழுதியவளே நான்தான். அப்புறம் எனக்கு ஏசுவடியானை நன்றாகத் தெரியும். நான் சின்ன கான்ஸ்டபிளாக இருந்த காலத்தில் மாதம் தவறாமல் குடித்துவிட்டு ரகளை பண்ணி மாட்டுவார். மறுநாள் கோர்ட்டில் நிறுத்தினால், “ஆமாய்யா, குடிச்சிருந்தேன்” என்று முதல் ஆளாக ஒத்துக்கொள்வார். அவ்வளவு சாது. அந்த மனுஷன் இப்போது இல்லை என்கிறார்!

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“என்னய்யா, உமக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? எம்புட்டுச் சொன்னேன்? இனிமே கேஸ் நடக்கும். வாய்தா வாய்தாவா அலையணும். உம்ம வேல கெட்டுப்போகும். அடுத்த தடவ ஆமான்னு சொல்லித் தொலையும்.”

“அப்பல்லாம் ஆமான்னேன் ஏட்டம்மா. அப்பக் குடிச்சிருந்தேன். இப்பக் குடிக்கல.”

“மிஷின் பொய் சொல்லுமா?”

“மிஷினு சொன்னது நெசந்தான். ஊதுனது நான் இல்ல.”

“அப்ப யாரு ஊதுனது?”

அவர் ரோட்டைத் தாண்டினார். எதிரில் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அய்யனார் கோவில் பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது. அப்புறம் அவராகவே ஆரம்பித்தார்.

அவர் மனைவி பேர் எஸ்தர். பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை. குடி தாங்க முடியாமல் சோழபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டது அந்த அம்மா. ஆறு வருஷம் திரும்பவே இல்லை. இவர் குடியை விட்டுவிட்டு, சர்ச்சுக்குச் சம்பளம் வாங்காமல் பெயிண்ட் அடித்துக்கொடுத்து, அந்த சர்ச்சுக்குள்ளேயே வைத்து எஸ்தர் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணின பிறகுதான் வந்திருக்கிறது.

“வரும்போதே சொல்லிட்டா. இனி ஒருவாட்டி குடிச்சீருன்னு தெரிஞ்சாலும் அன்னைக்கே போயிருவேன், தேடி வரப்படாதுன்னு. வந்து மூணு வருசம் ஆச்சு. நாக்குல ஒரு சொட்டு படல. இப்ப உங்க சம்மன் வந்துச்சு. அவ ஒண்ணும் கேக்கல. ரெண்டு சேலைய மடிச்சுக் கட்டப்பையில வச்சு, கதவுக்குப் பின்னால மாட்டிட்டா. கோர்ட்டுல என்ன சொல்லுதாவளோ, அதப் பாத்துட்டு முடிவு பண்ணுதேன்னா. தெனமும் அந்தப் பையப் பாத்துக்கிட்டுத்தான் சோறு திங்கேன்.”

“யாரு ஊதுனான்னு அவகிட்டயாவது சொல்ல வேண்டியதுதானே?”

“அது முடியாது.”

“ஏன்?”

“முடியாது ஏட்டம்மா. நான் குடிக்கல. அம்புட்டுதான் எனக்குச் சொல்லத் தெரியும்” என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்குத்தான் போனார். கேஸ் முடிகிற வரைக்கும் வண்டியைத் தொடுவதில்லை என்று வைத்திருந்தார்.

குடிகாரன் பேச்சு என்று நானும் போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

வாசகர் ஒருவர், இந்தத் தொடரில் என் தப்பு எதுவுமே வருவதில்லை என்று குறைப்பட்டிருந்தார். இந்தாருங்கள், இந்த வாரம் மொத்தமும் என் தப்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். தூறல். மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் வாகனச் சோதனை. கோர்ட் வேலை இல்லாத நாள் என்று எஸ்.ஐ. என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் ஒருவன் வளைந்து வளைந்து வந்தான். ஊதச் சொன்னோம், மிஷின் கத்தியது. லைசென்ஸ் கேட்டால் வீட்டில் இருக்கிறது என்றான். ஆர்.சி. நகல் மட்டும் பிளாஸ்டிக் கவரில் வண்டியிலேயே இருந்தது. மழைக்கு ரெயின்கோட் தொப்பி போட்டிருந்தேன், பேனா எழுதவில்லை, எரிச்சல் வேறு. ஆர்.சி.யில் இருந்த பேரைப் படித்து, “ஏலே, ஏசுவடியானா நீ?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றான்.

எழுதிவிட்டேன். எங்கள் கேள்வியே அப்படித்தான் இருக்கும். நீதானா, உன் வண்டிதானா, குடிச்சியா என்றுதான் கேட்போம். ஆமா என்பதைத் தவிர வேறு பதிலுக்கு இடமே விடமாட்டோம். எனக்குத் தெரிந்த ஏசுவடியான் ஞாபகத்துக்கு வந்தாரா என்றால், வரவில்லை. அது வெறும் பேர், தாளில் ஒரு வரி. மழையில் பார்த்த முகமும் மறுநாளே மறந்துபோனதால், கோர்ட்டில் ஏசுவடியானைப் பார்த்தபோது ஆள் வேறு என்றே தோன்றவில்லை. மறுநாள் அதே ஆள் ஸ்டேஷனுக்கு வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் அப்போது கோர்ட்டில் இருந்தேன்.

கேஸ் வாய்தா வாய்தாவாகப் போயிற்று. ஏசுவடியான் ஒரு வாய்தாகூடத் தவறவில்லை. காலையில் பத்து மணிக்கு வந்து சுவரோரம் நிற்பார். கடைசியாகக் கூப்பிடுவார்கள், தேதி கொடுப்பார்கள், “சரிங்கம்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். கூட வந்தவர்கள் ஆமா சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். நாலாவது வாய்தாவில் நானே போய் அவர் பக்கத்தில் நின்றேன். பொய் சொல்கிறவனுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வரும்?

“பை இன்னும் கதவுக்குப் பின்னாலதான் இருக்கா?” என்று கேட்டேன்.

“இருக்கு ஏட்டம்மா. ஒரு நாளு எடுத்துத் தொவச்சு, மறுபடியும் அதே சேலைய மடிச்சு வச்சிருக்கா.”

கூண்டில் நான்

எஸ்.ஐ. மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய், உடம்புக்கு முடியாமல் நீண்ட விடுப்பில் இருந்தார். சாட்சி சொல்ல மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். எத்தனையோ பேரை ஏற்றிவிட்ட கூண்டில் அன்றைக்கு நான் ஏறினேன்.

எஸ்தர் வந்திருந்தது. அதுதான் என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்தது, கையில் கட்டைப்பை. கோர்ட்டிலிருந்து நேரே சோழபுரம் பஸ் ஏறத் தயாராக வந்திருந்தது. கடைசி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

தாளைப் புரட்டிக்கொண்டே வந்த அம்மா ஓர் இடத்தில் நிறுத்தினார்கள்.

“இதில வயசு முப்பத்திரண்டுன்னு போட்டிருக்கே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எழுதியது. அன்றைக்கு எதிரில் நின்றவனைப் பார்த்து, குத்துமதிப்பாக எழுதியது. அதற்குப் பிறகு அந்தத் தாள் எத்தனையோ கை மாறியிருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அரசு வக்கீல் எழுந்து, “எழுத்துப் பிழைதான், சாட்சி விளக்கம் சொல்வார்” என்றார். சொல்லிவிடலாம். ஐம்பத்தெட்டு முப்பத்திரண்டாகிவிட்டது, மழை, இருட்டு, ஒரே வரியில் முடிந்துவிடும்.

“சாட்சியை ஏதாவது கேக்கணுமா?” என்று அம்மா ஏசுவடியானிடம் கேட்டார்கள்.

“ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேம்மா.” என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. டீ வாங்கிக்கொடுத்த அன்றைக்குப் பேசிய அதே குரல். “ஏட்டம்மா, அன்னைக்கு நீங்க ஊதச் சொன்னது என்னையவா?”

நான் பதில் சொல்ல நிமிர்ந்தபோது ஜன்னல் வழியாக வெளியே கண் போனது. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக ஒரு எக்ஸ்.எல்., நான் கைப்பட எழுதின அதே நம்பர். அதன்மேல் சாய்ந்துகொண்டு, நகத்தைக் கடித்தபடி ஒருவன் நின்றான். மழையில் ஊதினவன். எஸ்தரைக் கூட்டிக்கொண்டு வந்தவன் அவன்தான் என்று உடனே புரிந்தது. ஏசுவடியானின் மருமகனாகத்தான் இருக்க வேண்டும்.

நான் பார்த்ததை ஏசுவடியான் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் மெதுவாக நெஞ்சுக்கு நேரே சேர்த்து என்னைக் கும்பிட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள், மருமகனும் வந்து போகிறார் என்று ஒரு வாய்தாவில் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மருமகன் பேரைச் சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி மகள் வாழ்க்கை போகும். ஆமா சொன்னால் எஸ்தர். இரண்டுக்கும் நடுவில் ஏழு மாதமாக, ஒரு பொய் சொல்லாமல், ஒருவரைக் காட்டிக்கொடுக்காமல், இந்தச் சுவரோரம் நின்றிருக்கிறார் மனுஷன். குடிகாரன் பேச்சு என்று சொன்ன என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது.

“இல்லைங்கம்மா” என்றேன். சத்தமாகத்தான் வந்தது. “இவரு இல்ல.”

அரசு வக்கீல் பேனாவை மேஜையில் போட்டார்.

“அப்போ பேர் எப்படி வந்துச்சு?” என்றார்கள் அம்மா.

“நான் லைசென்ஸ் பாக்கலைங்கம்மா. ஆர்.சி.யில இருந்த பேரைப் படிச்சு, நீதானான்னு கேட்டேன். ஆமான்னான். எழுதிட்டேன். தப்பு என்னோடது.”

அம்மா கண்ணாடிக்கு மேலே என்னைச் சற்று நேரம் பார்த்தார்கள். எழுதினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு. விடுதலை. நிஜமாக ஓட்டிய ஆளைக் கண்டுபிடித்து முறைப்படி நடவடிக்கை எடுக்கவும் உத்தரவு. எனக்கு மெமோ வந்தது, இன்கிரிமென்ட் ஒன்று போனது. வீட்டுக்காரர் ஒரு வாரம் முறைத்தார். அது கிடக்கட்டும்.

விடுதலை என்றதும் ஏசுவடியான் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வழக்கம்போல, “சரிங்கம்மா” என்று கும்பிட்டார். பெஞ்ச் கிளார்க் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

சைக்கிள் ஸ்டாண்டு ஓரம்

எஸ்தர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. விறுவிறு என்று வெளியே நடந்து, நேரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனது. நானும் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம் இல்லையே, என்ன செய்யப் போகிறதோ என்று எனக்குப் பதைப்பு.

சம்மனில் பிடிபட்ட தேதி இல்லை; உள்ளே நான் சாட்சி சொன்னதைக் கேட்டுத்தான் எந்த நாள் என்று எஸ்தருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை யார் எடுத்துக்கொண்டு போனது, மறுநாள் வரைக்கும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று யார் சொன்னது என்று அதற்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் பார்த்ததையும் கவனித்திருக்கிறது.

“மாப்ள, சாவியக் குடுங்க.”

அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கொடுத்தான். எஸ்தர் சாவியைப் பின்னால் வந்த ஏசுவடியான் கையில் வைத்தது. கட்டைப்பையை எக்ஸ்.எல். முன்னால் இருக்கிற கொக்கியில் மாட்டியது. மாட்டி, கீழே விழாமல் இருக்குமா என்று ஒரு தரம் இழுத்தும் பார்த்துக்கொண்டது.

“அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. பிள்ள பொறக்கட்டும். நீங்களே சொல்லுங்க” என்றது மருமகனிடம். குரலில் மரியாதை குறையவில்லை. “இப்ப இந்த ஏட்டம்மாகூட ஸ்டேஷனுக்குப் போயிட்டு, பொறவு பஸ்ல வாங்க. சோறாக்கி வைக்கேன்.”

அப்புறம் புருஷனைப் பார்த்து, “ஏழு மாசமா வாயத் தொறக்கலையே நீரு” என்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “எடும் வண்டிய. நேரமாவுது” என்றது.

ஏசுவடியான் ஏழு மாதத்துக்கு அப்புறம் அந்த வண்டியைத் தொடுகிறார். இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாவது தரம்தான் கிளம்பியது. எஸ்தர் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கோர்ட் ஏட்டாக இருபது வருஷம் இருந்தவள், கேட் தாண்டும் வரைக்கும் நின்று பார்த்தேன். அன்றைக்கு என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

மருமகன் என் முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றான். நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். ‘நீதானா அது’ என்று பழைய கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“உம் பேரு என்னப்பா?” என்று கேட்டேன்.

சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தான். பிறகு தன் பேரைச் சொன்னான். லைசென்ஸை வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு, எழுதினேன்.